நீர்நாய் இக்கா

நஜ்வாவின் கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகலில், கோழிக்கோட்டில் குற்றிச்சிறைக் குளத்தை ஒட்டிய அவர்களுடைய பெரிய வீட்டில் பயன்படும் நிலையில் இருந்த கைகள் என்னுடையவை மட்டும்தான். மற்றப் பெண்கள் எல்லோரும் மருதாணி இட்டுக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளையும் தட்டு ஏந்தியதுபோல் விரித்தபடி கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மருதாணி ஒத்துக்கொள்ளாது. வைத்த இடமெல்லாம் தடித்துச் சிவந்துவிடும். அதனால் அன்றைக்கு அந்த வீட்டுக்கே நான்தான் கை. ஒருத்திக்கு முதுகு சொறிந்துவிட்டேன். ஒருத்திக்குக் கழன்ற கம்மலை மாட்டிவிட்டேன். கேட்டவர்கள் வாயில் எல்லாம், நேந்திரம்பழத்தில் செய்த உன்னக்காயைப் பிட்டுப் பிட்டுப் போட்டேன். நஜ்வாவின் பெரியம்மா ஆமினாபி, அந்த வீட்டில் எல்லோருக்கும் மூத்தம்மா, வாயை மென்றுகொண்டே சொன்னாள்: "நிம்மி, நீ பொறந்ததுக்கு இன்னிக்குத்தான் ஒரு அர்த்தம் கெடைச்சிருக்கு."

நானும் நஜ்வாவும் ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கிறோம். அவள் மென்பொருளைச் சோதிக்கிற பிரிவு. நான் ஆட்களின் விடுப்பையும் சண்டையையும் பார்க்கிற பிரிவு. ஆனால் அவளுக்கு இன்னொரு வாழ்க்கை இருந்தது. அது எனக்கும் அவளுடைய வீட்டுக்கும் மட்டும் தெரியும். வீட்டாருக்கும் பாதிதான் தெரியும். "எப்பப் பாத்தாலும் செத்த போனை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கா" என்ற அளவில் தெரியும்.

போனை விற்கிற கம்பெனி அதைப் பூட்டித்தான் நம்மிடம் கொடுக்கிறது. உள்ளே எதை வைக்கலாம், எதை எடுக்கலாம் என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம். இரண்டு மூன்று வருஷம் போனதும் அந்தப் போனை அவர்களே மறந்துவிடுகிறார்கள். அப்போது சிலர் பூட்டை உடைத்து, முழுச் சாவியையும் தாங்களே எடுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர்தான் ரூட் செய்வது. அப்படிச் செய்கிறவர்களுக்கு ரெக்கவரி என்று ஒன்று அவசியம். வீட்டுக்குக் கொல்லைப்பக்கப் படிக்கட்டு மாதிரி. முன்கதவு திறக்காமல் போனாலும் அந்த வழியாக உள்ளே போய்ச் சாமான்களைக் காப்பாற்றலாம், ஓட்டை உடைசலைச் சரிசெய்யலாம். கம்பெனி வைக்கிற படிக்கட்டில் ஒரு ஆள் ஒடுங்கித்தான் ஏறமுடியும். நஜ்வா கட்டிய படிக்கட்டில் கட்டிலையே இறக்கலாம்.

கம்பெனி கைவிட்ட ஒரு பழைய போனுக்கு அவள் அந்த ரெக்கவரியை எழுதி, வருஷக்கணக்காகப் பழுதுபார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். டெலிகிராமில் அதற்கென்று ஒரு குழு. மலையாளிகள்தான் அதிகம், இந்தோனேசியாவிலிருந்துகூட ஆட்கள் இருந்தார்கள். அங்கே அவளுக்குப் பெயர் நீர்நாய். பெண் என்று ஒருவருக்கும் தெரியாது. கண்ணூர்ப் பக்கம் எங்கேயோ தாடி வைத்த ஒரு மனிதர், அதிகம் பேசமாட்டார், கோபக்காரர் என்று அவர்களாகவே ஓர் ஆளைச் செய்துவைத்திருந்தார்கள். நீர்நாய் இக்கா, அதாவது நீர்நாய் அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் திருத்தவில்லை. "அண்ணன்னு நெனச்சா வேலைக்கு நன்றி சொல்லுவான். தங்கச்சின்னு தெரிஞ்சா சாப்பிட்டியான்னு கேப்பான்" என்பாள்.

இப்போது கல்யாணம். குளத்தைச் சுற்றிய தெக்கேப்புறத்து வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வந்து தங்குவார். அவருக்கென்று மாடியில் ஓர் அறையை வெள்ளையடித்து, புதுக் கட்டில் போட்டு, வாசனை எல்லாம் புகைத்து வைத்திருந்தார்கள். அது அதுவரை நஜ்வாவின் அறை. மேசையில் கிடந்த போன்கள், வயர்கள், திருகாணிகள் எல்லாவற்றையும் மூத்தம்மா முன்னால் நின்று காலி செய்யவைத்தாள். புதியாப்பிளை காலில் வயர் தடுக்கி விழுந்தால் குடும்பத்துக்கே கேவலம் என்றாள். நஜ்வா எதிர்த்துப் பேசவில்லை. எனக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

மாப்பிள்ளை ரமீஸ் மாவூர் ரோட்டில் கண் பரிசோதகர். அமைதியான ஆள், சட்டையின் மேல் பொத்தானையும் போடுகிறவர். நிச்சயம் ஆனதிலிருந்து இருவரும் குரல் செய்திகளாக அனுப்பிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன பேசுவீர்கள் என்று கேட்டால், மழை, புத்தகம், கண்ணுக்கு வருகிற வியாதிகள் என்பாள். நீர்நாயைப் பற்றிச் சொல்லிவிட்டாயா என்று ஒருமுறை கேட்டேன். "அவரு ரொம்ப சீரியஸான ஆளுடி. பொம்பளப் புள்ள செத்த போனோட வெளையாடுறான்னா என்ன நெனைப்பாரு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு நன்றாக இல்லை.

அன்று காலையில் அவள் குளிப்பதற்கு முன்னால் கடைசி வேலையாகப் புதுப் பதிப்பை வெளியிட்டாள். கூடவே ஒரு வரி: சொந்த வேலையாக இரண்டு வாரம் இருக்கமாட்டேன், அதன்பிறகு தொடர்வேனா என்றும் தெரியாது. அதைப் போட்டுவிட்டுப் போனை என் கையில் கொடுத்து, கல்யாணம் முடிகிறவரை நீயே வைத்துக்கொள் என்றாள்.

சாயங்காலத்து அசர் தொழுகை முடிந்ததும் ரமீஸின் உம்மா சுஹ்றா, மகள் லுபைனாவோடும் இன்னும் நாலைந்து பெண்களோடும் மருதாணிக்கு வந்தார்கள். மருமகளுக்கு முதல் பொட்டு வைத்ததும் சுஹ்றாவையும் பிடித்து உட்காரவைத்து இரண்டு கையிலும் போட்டுவிட்டார்கள். நஜ்வாவுக்கு முழங்கை வரை வரைந்து முடித்திருந்தது. எலுமிச்சைச் சாறும் சர்க்கரையும் தடவிக் காயவிட்டிருந்தார்கள். அசையக்கூடாது என்று மருதாணிக்காரி எச்சரித்துவிட்டு அடுத்த ஆளிடம் போனாள். அப்போதுதான் என் இடுப்பில் செருகியிருந்த போன் துடிக்கத் தொடங்கியது. நிற்கவே இல்லை.

எடுத்து நஜ்வாவின் முகத்துக்கு நேரே பிடித்தேன். குழுவில் ஒருவன் அலறிக்கொண்டிருந்தான். கறுப்பல்வா என்று பெயர். அவனை எனக்கே தெரியும். அவ்வளவு தொல்லை கொடுத்தவன். அடுத்த பதிப்பு எப்போது, எப்போது என்று கேட்டுக்கேட்டு, ஒருமுறை நஜ்வா அவனை ஒரு நாள் முழுக்கக் குழுவில் வாய் திறக்கமுடியாமல் பூட்டிவைத்திருக்கிறாள். ஆனால் யார் கஷ்டப்பட்டாலும் முதலில் ஓடிவந்து பதில் சொல்கிறவனும் அவன்தான்.

அவன் கணினியிலிருந்து எழுதியிருந்தது இதுதான். நீர்நாய் இக்கா இரண்டு வாரம் வரமாட்டார் என்றதும் பயந்து, அவர் போவதற்குள் போட்டுவிடலாம் என்று புதுப் பதிப்பைக் கணினி இல்லாமல் போனிலிருந்தே போனுக்குள் எழுதிவிட்டான். இப்போது போன் கம்பெனிப் பெயரைக் காட்டுகிறது, அணைகிறது, மறுபடியும் காட்டுகிறது. நாளைக்கு அவனுக்குக் கல்யாணம். எல்லாம் அந்தப் போனில்தான் இருக்கிறது.

"பாவம், இவனுக்கும் நாளைக்குத்தானா" என்றாள் நஜ்வா. மறுநாள் கல்யாண மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கோழிக்கோட்டில் எந்த மண்டபமும் காலி இல்லை. எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. அவளுக்கு வேறு கவலை. குழுவில் ஆளாளுக்கு வைத்தியம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். ஒருவன், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்று என்றான். இன்னொருவன், ஒரே சொடுக்கில் சரியாகிவிடும் என்று எங்கேயோ கிடைத்த ஒரு கருவியை அனுப்பினான். கறுப்பல்வா அழித்துவிடட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

நஜ்வாவின் குரல் மாறிவிட்டது. "எழுதுடி. எதையும் தொடாதேன்னு எழுது. அழிக்காதே. தனியா வா."

எழுதினேன். எதையும் தொடாதே, தனியாக வா. ஆளைக் கடத்தினவன் எழுதுகிற மாதிரி இருந்தது. உடனே குழுவை விட்டுத் தனி அரட்டையில் வந்து நின்றான். இக்கா, நீங்கள் இருக்கிறீர்களா, அல்லா உங்களுக்கு நூறு வருஷம் கொடுக்கட்டும் என்றான். கூடவே யாருடைய போனிலோ எடுத்த ஒரு படத்தையும் அனுப்பினான். ஒரு மேசைமேல் அவனுடைய போன் மல்லாந்து கிடந்தது.

படத்தைப் பெரிதாக்கச் சொல்லி நஜ்வா கழுத்தை நீட்டினாள். பக்கத்தில் இருந்த சுஹ்றாவுக்கும் ஆர்வம் தாங்கவில்லை. மருமகள் இவ்வளவு உன்னிப்பாக எதைப் பார்க்கிறாள் என்று எட்டிப் பார்த்தாள். மூக்குக் கண்ணாடி நுனிக்கு வழுக்கி வந்திருந்தது. கை இரண்டும் மருதாணி.

"நிம்மி மோளே, அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் மேல தள்ளு" என்றாள்.

தள்ளிவிட்டேன். அவள் போனுக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இது என் மேசை விரிப்பாச்சே."

நாங்கள் இருவரும் அவளையே பார்த்தோம்.

"நான் பின்னுனது. மூலையப் பாரு. பச்ச நூல் தீந்துபோயி அந்த ஒரு எலைய மட்டும் நீலத்துல முடிச்சேன்."

பெரிதாக்கினேன். மஞ்சள் விரிப்பின் மூலையில், பச்சை இலைகளுக்கு நடுவே, ஒரே ஓர் இலை நீலமாக இருந்தது.

நஜ்வாவின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. நான் படத்தைப் பார்க்கிறேன், சுஹ்றாவைப் பார்க்கிறேன், நஜ்வாவைப் பார்க்கிறேன். முதலில் சிரித்தது யார் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. வயிற்றிலிருந்து கிளம்பிய சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. நஜ்வாவோ கையை அசைக்காமல் சிரிக்கவேண்டும். தோள் மட்டும் குலுங்கிக் குலுங்கிக் கண்ணீர் வழிந்தது. துடைத்துவிட வேண்டியவளும் நான்தான். என்ன விஷயம் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்க, கூடம் முழுக்கச் செய்தி ஓடியது. லுபைனா, "அந்தப் போனை வீசிட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணானே" என்றாள். நீர்நாய் என்றால் யார், நம் பெண்ணை ஏன் நாய் என்கிறார்கள் என்று மூத்தம்மாவுக்கு மட்டும் தனியாக விளக்கவேண்டியிருந்தது.

அதற்குள் கறுப்பல்வா, அதாவது ரமீஸ், நாலு தடவை இக்கா இக்கா என்று கூப்பிட்டுவிட்டான். என்ன செய்யலாம் என்று நஜ்வாவைப் பார்த்தேன். சொல்லிவிடு என்று சொல்வாள் என நினைத்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். முதலில் போன் பிழைக்கட்டும் என்றாள். இப்போது சொன்னால் பதறுவான், பதறினால் எதையாவது அழுத்திவிடுவான்.

போனில் அவசரமாக என்ன இருக்கிறது, வேறெங்காவது நகல் எடுத்துவைத்திருக்கிறாயா என்று கேட்கச் சொன்னாள். எழுதினேன். வந்ததை நான் சத்தமாகப் படித்தேன்; படித்திருக்கக்கூடாது.

"நகல் இல்ல இக்கா. கட்டிக்கப்போற பொண்ணோட வாய்ஸ் மெசேஜ் எல்லாம் அதுலதான் இருக்கு. முதல் நாள்லேருந்து. தூங்குறதுக்கு முன்னாடி கேப்பேன். அது போச்சுன்னா நாளைக்கு நான் எந்த மூஞ்சியோட போயி நிப்பேன்."

நஜ்வா காது மடல்வரை சிவந்துபோனாள். சுஹ்றா மேற்கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

அடுத்த செய்தியும் வந்தது. பெண் ரொம்பப் பொறுப்பானவள், இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைப்பாள், அதனால் கல்யாணத்தோடு இதையெல்லாம் விட்டுவிடலாம் என்றிருக்கிறேன், கடைசியாக ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம் என்றுதான் போட்டேன் என்று எழுதியிருந்தான். நஜ்வா அதை இரண்டு தடவை காட்டச் சொல்லிப் பார்த்தாள்.

பிறகு வேலை தொடங்கியது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். எந்தக் கோப்பைப் போட்டாய், பெயரை அப்படியே அனுப்பு என்று கேட்டாள். அனுப்பினான். அவள் ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள். அந்தப் போனில் இரண்டு வகை உண்டு; வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள், உள்ளே வேறுவேறு. கோப்பின் பெயர் ஒன்றுக்கு சி-யில் முடியும், மற்றதுக்கு ஜி-யில். இவனுடைய போன் சி. இவன் போட்டது ஜி. அந்தப் போனில் ரெக்கவரியும் போனைத் துவக்குகிற நிரலும் ஒரே அறையில் குடியிருப்பவை. ஒன்று தப்பானால் இரண்டும் போச்சு.

"நாள் முழுக்க ஊர்க்காரங்களுக்கு எழுத்தக் காட்டிப் படி படிங்கறவன்" என்றாள் சுஹ்றா. "சி-க்கும் ஜி-க்கும் வித்தியாசம் தெரியலயாம்."

நல்லவேளை, சாமான்கள் எல்லாம் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும், வாசல்தான் அடைபட்டிருக்கிறது என்றாள் நஜ்வா. சி-யில் முடிகிற கோப்பைக் கணினியில் இறக்கச் சொன்னாள். இறக்கியதும் அப்படியே போட்டுவிடாதே, முழுசாக வந்திருக்கிறதா என்று சரிபார்ப்பு எண்ணை எடுத்து அனுப்பு என்றாள். எழுத்தும் எண்ணும் கலந்து ரயில்பெட்டி மாதிரி நீளமாக ஒன்று வந்தது. அவள் வெளியிட்ட எண்ணை மேலே வைத்து, அதைக் கீழே வைத்து, என்னை எழுத்தெழுத்தாக ஒப்பிடவைத்தாள். சரியாக இருந்தது. ஒலி குறைக்கிற பொத்தானையும் ஆன் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடி, கம்பெனிப் பெயர் போய் வேறொரு திரை வரும், வந்ததும் விடு என்றாள். வந்துவிட்டது என்றான். இப்போது வயரால் கணினியோடு இணை.

அங்கேதான் வண்டி நின்றது. கணினிக்குப் போன் தெரியவில்லை. வேறு துளையில் செருகச் சொன்னாள், தெரியவில்லை. கணினியை அணைத்துப் போடச் சொன்னாள், தெரியவில்லை. வயர் எப்படிப்பட்டது என்று கேட்டால், ரோட்டோரத்தில் வாங்கிய, சார்ஜ் மட்டும் ஏற்றுகிற வயர். இதில் மின்சாரம் போகும், பேச்சு போகாது, வேறு வயர் எடு என்றாள். வீட்டில் வேறு வயரே இல்லை என்றான். கடைக்குப் போகலாம் என்றால் வாசலில் பந்தல்காரர்கள், உள்ளே மாமன்மார்கள். வெளியே காலெடுத்து வைத்தால் மாப்பிள்ளை எங்கே போகிறான் என்று பத்துப் பேர் கூடவே வருவார்கள்.

சுஹ்றா இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "ஏன் இல்ல? அந்தப் போன் வாங்குனப்ப வந்த வெள்ள வயர் இருக்குல்ல. என் தையல் மிஷின் டிராயர்ல, எடப்பக்கம், பொத்தான் டப்பாவுக்கு அடியில."

"அத எப்படி அம்மாயி எழுதுறது?" என்று மாமியாரைக் கேட்டாள் நஜ்வா. "நீர்நாய்க்கு உங்க தையல் மிஷின் எப்படித் தெரியும்?"

"அப்ப வயர் இல்லாமக் கெடக்கட்டுமா?"

வேறு வழி யோசிக்கலாம் என்று நஜ்வா சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் விரல்கள் எழுதி அனுப்பிவிட்டன. சத்தியமாக நான் யோசித்துச் செய்யவில்லை. காலையிலிருந்து அத்தனை பேருக்குக் கையாக இருந்து இருந்து, யார் சொன்னாலும் செய்துவிடுகிற பழக்கம் வந்திருந்தது. உம்மாவின் தையல் மிஷின் டிராயர், இடப்பக்கம், பொத்தான் டப்பாவுக்கு அடியில், வெள்ளை வயர். அனுப்பியான பிறகுதான் நஜ்வாவின் முகத்தைப் பார்த்தேன்.

எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது. மறுபடி எழுதினான், நின்றது. கடைசியில் இரண்டே சொல் வந்தது.

"நீங்க யாரு?"

நான் பதில் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று நஜ்வா கண்ணாலேயே மிரட்டினாள். அடுத்த நிமிஷம் சுஹ்றாவின் கைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தால் அவளுடைய வீட்டுக்காரரின் எண். போனை அவள் காதில் வைத்துப் பிடித்தேன். பேசியது ரமீஸ். அந்தப் பதற்றம் எனக்கே வெளியில் கேட்டது.

"உம்மா, பயப்படாத. நம்ம வீட்ல யாரோ கேமரா வச்சிருக்கான். டிராயர்ல என்ன இருக்குன்னு வரைக்கும் தெரியுது அவனுக்கு. உப்பாவ போலீசுக்குச் சொல்லச் சொல்லட்டுமா?"

கூடத்தில் இருந்த அத்தனை பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். லுபைனா தூண் பக்கம் திரும்பிவிட்டாள். சுஹ்றாவின் முகத்தில் மட்டும் ஒரு சலனமும் இல்லை.

"வயர் இருந்துச்சா?" என்றாள்.

"என்னது?"

"டிராயர்ல. எடப்பக்கம். வயர் இருந்துச்சான்னு கேக்குறேன்."

பொத்தான் டப்பா உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இருந்துச்சு" என்றான், கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல்.

"அப்ப அவங்க சொல்றத செய். நடுவுல கேள்வி கேக்காத." தலையை ஆட்டிக் காட்டினாள், நான் துண்டித்தேன். அதுவரை அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் ஒன்றாக வெடித்தது. பந்தலில் இருந்த ஆண்கள் என்ன ஆச்சு என்று வாசலில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கறுப்பல்வா திரும்பி வந்தபோது வேறு ஆளாக இருந்தான். இக்கா என்ற சொல்லே போய்விட்டது. சரி, செய்தேன், அடுத்தது என்று மட்டும் எழுதினான். வெள்ளை வயரில் கணினிக்குப் போன் தெரிந்தது. நஜ்வா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்போதும் உடனே போனுக்குள் எழுதிவிடாதே என்றாள். எழுதாமல் ஒரு தடவை ஓட்டிப் பார்க்க ஒரு கட்டளை இருக்கிறது. துணியை வெட்டுவதற்கு முன்னால் தோளில் வைத்துப் பார்க்கிற மாதிரி. அது சரியாக நின்றால்தான் மேற்கொண்டு. கட்டளையை ஓர் இடைவெளிகூடப் பிசகாமல் என்னை எழுதவைத்தாள். அவன் கொடுத்தான்.

காத்திருந்தோம். பால் விடாத சுலைமானித் தேநீரில் உறிஞ்சுகுழல் போட்டுச் சமையல் பையன் கொண்டுவந்து வைத்தான்; யாரும் தொடவில்லை. மூத்தம்மா கண்ணை மூடி ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள், பிரசவ அறைக்கு வெளியே நிற்பவள்போல.

"வந்துடுச்சு" என்றான். ரெக்கவரி வந்துவிட்டது. திறப்பதற்குத் திரைப் பூட்டின் கோலத்தைப் போடச் சொல்கிறது, போட்டுவிட்டேன், எல்லாக் கோப்புறையும் பெயரோடு தெரிகிறது.

நஜ்வா கண்ணை இறுக மூடித் திறந்தாள். முதல் வேலையாக எல்லாவற்றையும் கணினிக்கு நகலெடு என்று சொன்னாள். குரல் செய்திகளிலிருந்து தொடங்கு என்று அவளேதான் சொன்னாள். நகல் முடிந்து, கணினியில் ஒன்றைத் திறந்து கேட்டுப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று அவன் சொன்ன பிறகுதான், நிரந்தரமாக எழுதுகிற கட்டளையைக் கொடுத்தாள். எழுதியதும் அப்படியே மறுபடி ரெக்கவரிக்குள் போய், தங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு போனை முன்கதவு வழியாக எழுப்பு.

கம்பெனிப் பெயர் வந்தது என்றான். இன்னும் இருக்கிறது என்றான். பிறகு ஒரு படம் அனுப்பினான். மஞ்சள் விரிப்பின்மேல் போன் விழித்துக் கிடந்தது. முகப்பில் நஜ்வாவின் படம். நிச்சயத்தன்று, யாரோ சொன்னதற்கு வாய்விட்டுச் சிரித்தபோது எடுத்தது.

இத்தனை நேரம் அசையாமல் இருந்தவள் அப்போது அசைந்துவிட்டாள். இரண்டு கையாலும் என்னிடமிருந்து போனைப் பிடுங்கி, குரல் பதிவுப் பொத்தானை மருதாணிக் கட்டைவிரலால் அழுத்தினாள். மூத்தம்மா போட்ட கூச்சலும் அதில் பதிவாகியிருக்கும்.

"ரமீஸ், நான்தான் பேசுறேன். நீர்நாய் நான்தான். நீங்க எதையும் விடவேண்டாம். நானும் விடமாட்டேன்."

அனுப்பிவிட்டுத்தான் கையைப் பார்த்தாள். வலது உள்ளங்கையில் வரைந்திருந்த பூவெல்லாம் ஒரே சேறாகக் கலங்கியிருந்தது. போனின் முகம் முழுக்கப் பச்சை. மருதாணிக்காரி தலையில் கைவைக்கப் போய், தன் கையிலும் ஈரம் இருப்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டாள்.

இந்தத் தடவை பதில் குரலாக வந்தது. துடைத்துவிட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தேன். முதலில் மூச்சு மட்டும்தான். பிறகு ஒரு சிரிப்பு, நம்பமுடியாமல், இருமல் மாதிரி வந்த சிரிப்பு. "அப்ப அந்த ஒரு நாள் என் வாயப் பூட்டுனது நீயா?" என்றான்.

"ஒரு வாரம் பூட்டியிருக்கணும்" என்றாள் சுஹ்றா, போனுக்கு எட்டும்படியாக.

மறுநாள் நிக்காஹ் நன்றாக நடந்தது. வலதுகையின் கோலம் மட்டும் இடதுகையைவிட அவசரமாக இருந்தது. கேட்டவர்களிடம் புது மாதிரி என்று சொல்லிவிட்டோம். மாப்பிள்ளை வந்தார், மேல் பொத்தானைப் போட்டிருந்தார், யாரைப் பார்த்தாலும் சிரித்தார். மேடையில் இருவரையும் உட்காரவைத்தபோது, ஒருவரையொருவர் பாருங்கள் என்று புகைப்படக்காரர் சொன்னார். பார்த்த உடனே இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்து, வாயை மூடமுடியாமல், அவர் பத்துத் தடவை எடுத்தும் ஒன்றுகூடத் தேறவில்லை.

பிரியாணிப் பந்தி பாதி ஆனபோது, முன்தலை வழுக்கை விழுந்த ஒரு மனிதர் என்னிடம் வந்து, பெண்ணைப் பார்க்கவேண்டும் என்றார். திரூரிலிருந்து வருகிறாராம், ஓமியோபதி டாக்டராம். எந்த வழியில் சொந்தம் என்று கேட்டேன். தயங்கினார். நீர்நாய் என் மனைவியாகப் போகிறாள் என்று கறுப்பல்வா விடிகாலையில் குழுவில் போட்டிருக்கிறான், ஒருவரும் நம்பவில்லை, பொய்யா மெய்யா என்று பார்த்துவரத் தன்னை அனுப்பியிருக்கிறார்கள் என்றார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

மேடைக்குக் கூட்டிப்போனேன். அவர் கைகட்டி நின்று, மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். போன மழைக்காலத்துப் பதிப்பில் திரை தலைகீழாகத் தெரிந்ததற்கு என்ன காரணம் என்று. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தங்கச் சரிகைக்குள்ளிருந்து நஜ்வா மூன்று வாக்கியத்தில் பதில் சொன்னாள்; நடுவே ரமீஸ் ஏதோ திருத்த, இல்லை என்று அவனை மடக்கினாள். டாக்டர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். பிறகு, இக்காவை அக்காவாக்கி, "இத்தா, தப்பா நெனைக்காதீங்க" என்று சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார். அது இரண்டு நாளாக எழுந்திருக்கவில்லையாம்.

நஜ்வா அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ரமீஸைப் பார்த்தாள்.

"லேப்டாப் கார்லதான் இருக்கு" என்றான் மாப்பிள்ளை, குரலைத் தாழ்த்தி.

கை அலம்பிவிட்டு வருகிறோம் என்று சொல்லி இருவரும் டாக்டரோடு மேடையிலிருந்து இறங்கினார்கள். மண்டபத்துப் பின்னறையின் வாசலில் என்னை நிறுத்திவைத்தார்கள். புகைப்படக்காரர் வந்து கேட்டார், மூத்தம்மா வந்து கேட்டாள், துபாயிலிருந்து வந்த மாமா வந்து கேட்டார். எல்லோரிடமும் பெண்ணுக்குத் தலைவலி என்று சொன்னேன். உள்ளே மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால், யாரும் நம்பவில்லை.